ஆதிதிராவிடர் என்னும் பெயர் வரலாறு

நம் ஊர்ப்பெயரை அடி அண்ணாமலை என்று எழுதுவாரும் உளர்; ஆதி அண்ணாமலை என்று எழுதுவாரும் உளர்; மணிவாசகப் பெருமான் திருவெம்பாவை அருளியது இவ்விடத்தே என்னும் மரபு பற்றி அணி அண்ணாமலை என்பாரும் உளர். கீழைத் திசையில் விளங்கும் பெருங்கோயிலுக்கு மறுபுறத்தே, மலையின் அடிவாரத்தில், கிரிவலப் பாதையை ஒட்டி அமைந்தமையின் அடி என்பதே பொருந்தும் என்பர் ஒரு சாரார். பெருங்கோயிலினும் முந்தியது ஈண்டுள்ள கோயில், பிரமன் நிறுவியது, ஆகலின் ஆதி என்பதே முறை என்பர் மற்றொரு சாரார். அகரக் குறில் நெடிலாகி, டகரம் தகரமாகிவிடின், கீழே கிடந்தது முதலாகிவிடுகின்றது. எழுத்து வேறுபாடு சிறிது. பொருள் வேறுபாடு மலையளவினது. திருமாலும் பிரமனும் தம்முள் யார் முதல் என்று வழக்கிட்டு அடிமுடி தேடிய கதையையுடைய தலத்தில் இத்தகைய வழக்கு எழுதல் வியப்பன்று.

இவ்வாதி என்னுஞ் சொல்லே நம் குலப்பெயரின் தலையிலும் நிற்கின்றது. அதனை நம் சங்கத்தின் பெயர்ப்பலகையிலிருந்து நீக்கவேண்டும் என்று இளைஞர் சிலர் இப்பொழுது கேட்கின்றனர். பறையர் என்றே துணிந்து எழுதுக என்பர் சிலர்; தலித் என்க என்பர் வேறு சிலர்; ஆதிதிராவிடர் என்பதை விடோம் என்பர் மூத்தோர். இவற்றுள் எதுவும் வேண்டா, தமிழர் என்றால் போதாதோ என்று வினவினாரும் உண்டு. வழக்கைத் தீர்க்குமுன் அதன் வரலாற்றை அறிதல் கடனாதலின், யாம் அறிந்த அளவில் அதனை ஈண்டு எழுதப் புகுந்தாம்.

முதற்கண் பறையர் என்னும் பெயரை நோக்குவாம். இது மிகப் பழையதொரு பெயர். புறநானூற்று 335 ஆம் பாட்டில் மாங்குடிகிழார் எண்ணிக் கூறும் குடிகள் நான்கனுள் இதுவும் ஒன்று. ஆங்கு இழிவுக் குறிப்பு யாதும் இல்லை. அந்நான்கும் மதிக்கத்தக்க குடிகளாகவே வைத்து எண்ணப்படுகின்றன. பின்னர், தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுக்களில், வரி நீக்கப்பெற்ற இடங்களைக் கூறுமிடத்துப் பறைச்சேரி என்பதும் தீண்டாச்சேரி என்பதும் வேறு வேறாகக் குறிக்கப்பெறுகின்றன. இரண்டும் ஒன்றாயின் இரண்டு பெயர் வேண்டியதில்லை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீண்டாமை என்னும் கொடுமை இருந்தது என்பதும், அது பறையர் என்னும் பெயரோடு இன்னும் முற்றும் ஒட்டிக்கொள்ளவில்லை என்பதும் இதனாற் கருதத்தகும். பறை என்பது முழக்கும் கருவிக்கும் பெயர், சொல்லுதற்கும் பெயர். மலையாள நாட்டார் இன்றும் சொல்லுதலைப் பறைதல் என்றே வழங்குவர். சொல்லிற் குற்றமில்லை, சொல்லைக் கையாண்ட வாயிலேயே குற்றம்.

அவ்வாயின் குற்றம் கடல் கடந்தும் சென்றது. போர்த்துகேசியர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளுட் புகுந்த இப்பெயர், 1791 இல் பெர்னாதென் தெ சான் பியேர் என்னும் பிரெஞ்சுப் புலவர் எழுதிய இந்தியக் குடிசை என்னுங் கதையால் அந்நாட்டு மக்களிடையே பரவிற்று. இன்று ஆங்கிலத்தில் ஊராரால் ஒதுக்கப்பட்டவன் எவனாயினும் அவனைப் 'பரையா' என்பர். உலகநாடுகளோடு ஒட்டாத ஓர் அரசையும் அவ்வாறே செய்தித்தாள்கள் எழுதும். தமிழினின்று ஆங்கிலம் பெற்ற சொற்களை மாணாக்கர்க்குக் கற்பிக்கும்போது கட்டுமரத்தையும் மிளகுதண்ணீரையும் மகிழ்ந்து கூறும் ஆசிரியர் பலர் இச்சொல்லைத் தாண்டிச் சென்றுவிடுவர். யாம் தாண்டுவதில்லை.

இனி, இப்பெயரை ஏற்பதோ விடுவதோ என்னும் வழக்கு நம் குலத்தாரிடையே எழுந்த காலத்தைக் காண்போம். அக்காலத்து நின்ற இருவரும் மைத்துன முறையினர் என்பது வழக்கிற்கு ஒரு சுவையைத் தருகின்றது. ஒருவர் பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914). மற்றவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்.

அயோத்திதாசர் சித்த மருத்துவர். ஏட்டுச்சுவடிப் புலமை நிரம்பியவர். 1891 இல் நீலகிரியில் திராவிட மகாசன சபையைக் கூட்டினார். 1898 இல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவி வந்து, சென்னை இராயப்பேட்டையிற் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907 சூன் 19 இல் ஒருபைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அதன் பெயர் தமிழன் என்று சுருங்கிற்று. அவர் கோட்பாட்டின் சாரம் இது: நம் முன்னோர் சாதியற்ற பௌத்தத் தமிழர், கல்வியும் அறமும் உடையவர், சமயப் போரில் வீழ்த்தப்பட்டபின் வென்றவர் அவர்க்கு இட்ட வசைப்பெயரே பறையர் என்பது, பகைவன் இட்ட பெயரைப் பட்டயம்போல் நாமே சுமந்து திரிதல் அறியாமை. ஆகவே பூர்வத் தமிழர் என்றும், சாதிபேதமற்ற திராவிடர் என்றும் எழுதவேண்டும் என்றார். குடிமதிப்புக் கணக்கில் அவ்வாறே பதியவேண்டும் என்று அரசினரையும் வற்புறுத்தினார். இந்திரர் தேச சரித்திரம் முதலிய அவர் நூல்களிற் காணும் சொல்லாராய்ச்சிகள் சிலவற்றை இலக்கணமறிந்தார் ஒப்புவது அரிது. ஆயினும் வேரைத் தேடிய அவர் நோக்கம் செவ்விது: பெயரினின்று பிறப்பையும், பிறப்பினின்று உரிமையையும் மீட்க முயன்றார்.

சீனிவாசனார் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்திற் பிறந்தவர். அவர் சென்ற நெறியோ இதற்கு நேர்மாறு. பறையர் மகாசன சபை என்றே தம் சபைக்குப் பெயரிட்டார். 1893 அக்டோபரிற் பறையன் என்றே ஓர் இதழைத் தொடங்கினார். திங்களிதழாகப் பிறந்த அது வார இதழாகி 1900 வரை நடந்தது. அக்காலத்தில் ஒருவன் கடைவீதியில் நின்று 'பறையன் ஒன்று கொடு' என்று காசு நீட்டி வாங்குவதை எண்ணிப் பார்மின்! வைத பெயரே விலைக்கு விற்றது. இழிவென்று அஞ்சி ஒளித்த பெயரை நாமே முன்வந்து கூறி உரிமை கேட்டாலன்றி உரிமை வாராது. வேறு பெயருள் மறைந்து கொள்பவன் தன் குலத்துக்காக வாதாட இயலாது என்பது அவர் துணிபு. 1930 முதல் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளுக்கு அண்ணல் அம்பேத்கரோடு சென்றபோதும் தம் குலப்பெயரை ஆங்கு அவர் மறைத்திலர். அயோத்திதாசரோ அவ்விதழின் பெயரைக் கண்டு வெறுத்தார். ஒருவர் சொன்னது, பெயர் நம்மைச் சிறைப்படுத்துகின்றது என்பது. மற்றவர் சொன்னது, சிறையைத் திறக்கும் திறவுகோலும் அதுவே என்பது. ஒரே வீட்டிற் கொண்டு கொடுத்தார் இருவருள் இவ்வழக்கு மூண்டதென்றால், இன்று நம் சங்கத்துள் மூண்டதற்கு யாம் வருந்துவதேன்?

இஃது இந்நாட்டிற்கே உரிய வழக்கு என்று எண்ணற்க. அமெரிக்க நாட்டிற்கு ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் வழியினரும் இருநூறாண்டாகத் தம் பெயரைப்பற்றி வழக்காடி வருகின்றனர். நம்மவர் அவர்களை அறியாதவரல்லர். மராட்டிய நாட்டுச் சோதிராவ் புலே 1873 இல் வெளியிட்ட அடிமைத்தனம் என்னும் நூலை, அங்கு அடிமை ஒழிப்பிற்குப் பாடுபட்டாருக்கே உரிமையாக்கினார். அம்பேத்கர் 1946 இல் தூபாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞருக்கு மடல் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாட்டு மன்றத்திற்கு விடுத்த விண்ணப்பத்தின் படிகளை அதிற் கேட்டார்.

அம்மக்களின் பெயர் மாற்றங்களை நோக்கின் நம் கதையையே வேற்று மொழியிற் படிப்பதுபோலும். தொடக்கத்தில் தம் கோயில்களுக்கும் கழகங்களுக்கும் ஆப்பிரிக்கர் என்றே பெயரிட்டனர். 1816 இல் வெள்ளையர் சிலர் கூடி, விடுதலை பெற்ற கறுப்பரை ஆப்பிரிக்காவிற்கே திருப்பி அனுப்புதற்கென ஒரு சங்கம் கண்டனர். உடனே, ஆப்பிரிக்கர் என்று நாமே சொல்லிக்கொண்டால் கப்பலேற்றிவிடுவர் என்னும் அச்சம் எழுந்தது. நிறமுடையார் என்னும் பெயர் ஓங்கிற்று. முன்னோர் நாட்டைக் கூறும் பெயரே பிறந்த நாட்டிலிருந்து துரத்துதற்குக் கருவியாயிற்று. பின்னர் நீக்ரோ என்பது வந்தது. அதன் முதலெழுத்தைப் பேரெழுத்தாக அச்சிடவேண்டும் என்று பல்லாண்டு போராடினர். 1930 இலேதான் நியூயார்க் டைம்ஸ் என்னும் செய்தித்தாள் இணங்கிற்று. தமிழெழுத்திற் பெரிதும் சிறிதும் இல்லை. ஆனால் நமக்கு அன் விகுதியும் அர் விகுதியும் உண்டு. அரசின் பட்டியலில் நம் குலங்கள் பல அன் விகுதியில் நிற்கின்றன. அவற்றை அர் என்று திருத்துக என்னும் வேண்டுகோள் எழுந்துள்ளது. அங்கே ஓரெழுத்தின் உருவம், இங்கே ஓரெழுத்தின் ஒலி. மதிப்பு அதனுள்ளே கிடக்கின்றது.

1928 இல் பள்ளி மாணவன் ஒருவன் தூபாய்சு நடத்திய கிரைசிஸ் என்னும் இதழுக்கு, நீக்ரோ என்னும் பெயரை ஏன் வழங்குகின்றீர் என்று சினந்து எழுதினான். தூபாய்சு விடுத்த விடை நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. பெயர் ஓர் அடையாளமே. பொருள் இழிக்கப்படும்வரை புதுப்பெயரும் விரைவில் இழிபெயராகும். பெயரை மாற்றிய மறுநாள் விழித்தெழுந்தால் இழிவு போயிருக்கும் என்று நினையாதே என்பது அவ்விடையின் கருத்து. நம் சீனிவாசனார் இதனைக் கண்டிருப்பின் தலையசைத்திருப்பார். எனினும் அந்நாட்டு மக்கள் தூபாய்சு சொன்ன இடத்தில் நின்றுவிடவில்லை. 1966 இற்குப்பின் கறுப்பர் என்னும் சொல்லை, வெள்ளையர் வசையாக எறிந்த அதனையே, எடுத்து நெஞ்சில் அணிந்தனர். 1988 இல் செஸ்ஸி சாக்சன் முதலானோர் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்பதை முன்வைத்தனர். நிறத்தைவிட முன்னோர் நிலத்தைக் கூறுதல் மேல் என்பது காரணம். 2020 இற் கறுப்பர் என்பதையும் பேரெழுத்தால் எழுதத் தொடங்கினர். இப்பொழுதோ வழக்கு இன்னும் நுணுகிவிட்டது. அண்மையில் ஆப்பிரிக்காவினின்றும் கரிபியத் தீவுகளினின்றும் குடியேறினாரும் கறுப்பரே. ஆனால் அந்நாட்டில் அடிமைப்பட்டு உழைத்தாருடைய வழியினர்க்குத் தனிப்பெயர் வேண்டாவோ, இழப்பீடு தருங்கால் யாருக்குத் தருவது என்று கேட்கின்றனர். பெயர்வழக்கு இவ்வாறு முடிவிற் பொருள்வழக்காக வந்து நிற்றல் கருதத்தக்கது. நம் நாட்டிலும் அவ்வாறே என்பதைப் பின்னர்க் காட்டுவாம்.

மீண்டும் சென்னைக்கு வருவோம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசினரும் பாதிரிமாரும் பறையர் என்பதற்கு மாற்றாகப் பஞ்சமர் என்பதை மிகுதியும் வழங்கினர். ஆல்காட் 1894 இல் அடையாற்றருகே ஊரூரில் தொடங்கிய இலவசப் பள்ளி முதலியன பஞ்சமர் பள்ளிகள் எனவே பெயர் பெற்றன. பஞ்சமம் என்றால் ஐந்தாவது. மனுநூலோ நான்கு வருணங்களைக் கூறி ஐந்தாவது ஒன்று இல்லை என்று முடிக்கின்றது. இல்லாத ஐந்தாம் அறையில் இருத்தப்பட்டவர் என்பதே இதன் பொருளாதலின், இதனினும் பொருந்தாத பெயரை நினைத்தல் அரிது.

இதனை மாற்றியவர் எம்.சி. இராசா (1883–1943). பள்ளியாசிரியராகத் தொழில் தொடங்கியவர் அவர் என்பதைச் சொல்லுமிடத்து எமக்கு ஒரு பெருமிதம் உண்டு, நேயர் பொறுத்தருள்க. ஆதிதிராவிட மகாசன சபையை நடத்தி, சென்னைச் சட்டசபையில் நம் மக்கள் சார்பில் முதன்முதல் இடம்பெற்ற அவர், பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை அரசாங்க ஆவணங்களினின்று நீக்கி, தமிழ் மாவட்டங்களில் ஆதிதிராவிடர் என்றும் தெலுங்கு மாவட்டங்களில் ஆதிஆந்திரர் என்றும் எழுதவேண்டும் என்னும் தீர்மானம் 1922 இல் நிறைவேறச் செய்தார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அரசாணை வெளிவந்தது. எண்ணிறந்த பெயர்களை நம் மேல் பிறர் இட்டிருக்க, நாமே விண்ணப்பித்து, நாமே பெற்று, அரசினர் ஏட்டில் எழுதச்செய்த முதற்பெயர் இது. ஆதிதிராவிடர் என்பதை மூத்தோர் எளிதில் விடாமைக்கு இதுவே காரணம். அவர்க்கு அது வெறும் பெயரன்று, வெற்றிச்சீட்டு.

அக்காலத்தில் ஆதி என்னுஞ் சொல் நாடெங்கும் முளைத்தது. 1917 இல் விசயவாடையிற் பஞ்சமர் மாநாடு என்று கூட்டப்பெற்றது, பாக்கிய ரெட்டி வர்மா தலைமையில் ஆதிஆந்திர மாநாடாயிற்று. வடநாட்டில் சுவாமி அச்சுதானந்தர் ஆதி இந்து என்றார். பஞ்சாபில் மங்கூராம் 1926 இல் ஆதி தருமம் என்னும் இயக்கம் கண்டார். அவர் கலிபோர்னியாவில் உழைத்துத் திரும்பியவர். 1931 ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நான்கு இலக்கத்திற்கு மேற்பட்டார் தம் சமயத்தை அவ்வாறே எழுதுவித்தனர். எங்கும் கருத்து ஒன்றே: நாம் பின்னர் வந்து சேர்ந்த ஐந்தாமவர் அல்லேம், முதலில் இருந்தவரே நாம்.

புலவர் கண்கொண்டு நோக்குவார் இப்பெயரிலும் குறை காண்பர். ஆதி வடசொல், திராவிடம் என்பதும் வடநூலார் வழக்கினின்று கால்டுவெல் ஐயர் 1856 இல் எடுத்து மொழியினத்திற்கு இட்ட பெயர். தமிழ்க்குடியின் தொன்மையைக் கூற ஒரு தமிழ்ச்சொல்லும் அகப்படவில்லையோ என்று மறைமலையடிகள் வழிநின்ற நண்பர் ஒருவர் எம்மை எள்ளியதுண்டு. கூற்றிற் பிழையில்லை. ஆயினும் அரசினரிடம் வழக்காடப் புகுவார் அரசினர்க்கு விளங்கும் சொல்லிலேயே வழக்காடுவர். பறையர் திராவிடரேயோ என்னும் வினாவைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் பிற்சேர்க்கை ஒன்றில் எழுப்பி, ஆம் என்று விடை கண்டுள்ளார். அத்தகைய வினாவை ஒருவர் எழுப்பவேண்டியிருந்தது என்பதே நம் முன்னோர் நின்ற நிலைக்குச் சான்று. அவ்வினாவிற்கு இராசா தந்த விடை ஒரே சொல்: ஆதி.

ஹரிசனர் என்னும் பெயர்பற்றி நெடிது எழுத வேண்டுவதின்று. 1932 இற் பூனா உடன்படிக்கை ஆயிற்று. 1933 பெப்ருவரியிற் காந்தியடிகள் அப்பெயரில் வார இதழ் தொடங்கினார். நல்லெண்ணத்தால் இட்ட பெயரே. ஆனால் கேளாமல் இட்டது; மற்றவரெல்லாம் யாருடைய மக்கள் என்னும் வினாவை உடன்கொண்டு வந்தது. 1938 இற் பம்பாய்ச் சட்டசபையில் ஒரு மசோதாவில் அச்சொல் புகுந்தபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளியேறினர். சென்னை மாகாணத்திலோ ஒரு துறையே அப்பெயராற் பலகாலம் வழங்கிற்று. 1982 இல் மத்திய அரசு, சாதிச் சான்றிதழில் அச்சொல்லை எழுதலாகாது என்று சுற்றறிக்கை விடுத்தது. பெயர் ஏட்டினின்று போயிற்று. ஊர்ப்புறத்து வாயினின்று இன்னும் முற்றும் போகவில்லை.

1935 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பின்னர் 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையாலும் பட்டியல் என்னும் ஏடு வந்தது. இவ்வேட்டிலேதான் பெயர் உயிர்பெற்றுச் சோறும் கல்வியும் வேலையும் அளிக்கின்றது. அதன் உள்ளே ஒரு வேடிக்கையைக் காணலாம். தமிழ்நாட்டுப் பட்டியலில் ஆதிதிராவிடர் என்பது ஓர் எண். பறையன், சாம்பவர் என்பன மற்றோர் எண். ஒரே பாட்டனுடைய பேரர் இருவர், எழுதியவர் கைப்போக்கிற்கேற்ப வெவ்வேறு எண்ணில் நிற்பதுண்டு. அன்றியும், துறையின் பெயராக வருங்கால் ஆதிதிராவிடர் என்பது பட்டியலிலுள்ளார் அனைவரையும் குறிக்கின்றது. சான்றிதழில் வருங்கால் ஒரு குலத்தையே குறிக்கின்றது. ஒரு சொல்லுக்கு இருபொருள் செய்யுளில் அழகு, சட்டத்தில் தொல்லை. தம்மை அப்பொதுப்பெயருள் அடக்கலாகாது என்ற தேவேந்திரகுல வேளாளரின் நெடுநாள் வழக்கு, 2021 இல் ஏழு பிரிவுகளை அப்பெயரால் ஒன்றாக்கிய சட்டத்தில் வந்து நின்றது. அவர்கள் பெயரை அவர்கள் தேர்ந்தனர். அதில் நாம் குறைகூற யாதுமில்லை.

சமயத்தாலும் பெயர் அறுபட்டது. 1950 ஆம் ஆண்டு ஆணை இந்துக்களை மட்டுமே கூறிற்று. சீக்கியர் 1956 இலும் பௌத்தர் 1990 இலும் சேர்க்கப்பட்டனர். நம் முன்னோர் பௌத்தரே என்று வாதிட்ட அயோத்திதாசர் கொள்கையை அப்படியே ஏற்று நடந்தவர்கள் 1990 வரை பட்டியலின் வெளியே நின்றிருக்க வேண்டும்! கிறித்தவரானாரோ இன்னும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர் பிற்பட்ட வகுப்பிற் சேர்க்கப்பெற்றுள்ளனர். சேரி ஒன்று, கிணறு ஒன்று, இடுகாடு ஒன்று. பெயர் மட்டும் இரண்டு.

தலித் என்னும் பெயர் இளைஞர்க்கு இனியது. நொறுக்கப்பட்டோர் என்னும் பொருளுடைய இம்மராட்டிய வழக்கு, 1972 இற் பம்பாயில் எழுந்த தலித் சிறுத்தைகள் இயக்கத்தாற் பரந்தது. 1966 இல் அமெரிக்காவில் எழுந்த கருஞ்சிறுத்தைக் கட்சியின் பெயரை நோக்கியே இவ்வியக்கம் பெயர்கொண்டது. அது மதுரைக்கு வந்து, பின்னர் விடுதலைச் சிறுத்தைகள் என்று தமிழாயிற்று. ஆக, அந்நாட்டுக் கறுப்பர் தம்மை அழைத்த பெயரின் ஒரு கிளை நம் தெருச்சுவர்களிலும் எழுதப்பட்டுள்ளது. பட்டம் பெறாத, பட்டியலில் இல்லாத பெயர் அது, போராட்டத்தின் பெயர். 2018 இல் மத்திய அரசு ஊடகங்களை அச்சொல்லைத் தவிர்க்குமாறு அறிவுறுத்திற்று. அரசினர் கொடுக்காத பெயரை அரசினர் எடுக்க முயல்வது புதுமையே.

இனி, யாம் மேலே சொல்லிவைத்த பொருள்வழக்கிற்கு வருவாம். 1891 இற் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் என்பார், பறையரது நிலைபற்றி அரசினர்க்கு விரிவானதோர் அறிக்கை எழுதினார். நிலமின்மையே எல்லா இழிவுக்கும் வேர் என்பது அதன் கருத்து. அதன் விளைவாக 1892 செப்டெம்பர் 30 இல் அரசாணை 1010 பிறந்தது. தரிசு நிலங்கள் நம் மக்களுக்கு ஒப்படைக்கப்பெற்றன. பிற வகுப்பார்க்கு விற்றலாகாது என்னும் கட்டுப்பாடும் ஒப்படைப்பிற் சேர்ந்தது. அவையே பஞ்சமி நிலம், டி.சி. நிலம் எனவும் வழங்குவர். ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்கள் அவை. பஞ்சமர் என்னும் பெயர் பொருந்தாப் பெயர் என்று மேலே இகழ்ந்தோம். அப்பெயராலன்றோ நிலம் இருக்கின்றது! கட்டுப்பாட்டை மீறிப் பிறர் கைப்பட்ட அந்நிலங்களை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் சான் தாமசும் ஏழுமலையும் உயிர் நீத்தனர்.

சில ஆண்டுகட்குமுன் எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் வீட்டுப் பெட்டியிற் கிடந்த பழைய பத்திரம் ஒன்றைக் கொணர்ந்து, "ஐயா, இதிற் பஞ்சமர் என்று எழுதியிருக்கிறதே, அவர்கள் யார்? எங்கள் பாட்டன் நிலத்தை அவர்களிடமிருந்தா வாங்கினார்?" என்று கேட்டான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அறிவிற் குறைந்தவன் அல்லன். பத்திரத்திற் கண்ட பஞ்சமர் தன் பாட்டனே என்பது அவனுக்குத் தெரிந்திலது. அந்நிலம் இப்பொழுது அவன் வீட்டார் கையில் இல்லை. இழிபெயர் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட சொல்லொன்று, அவர்களுடைய சொத்தின் திறவுகோலாக இருந்ததைக் காண்மின்.

2024 இல் நீதிபதி சந்துரு அவர்களின் குழு, பள்ளிப்பெயர்களிலுள்ள ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு முதலிய அடைமொழிகளை நீக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025 ஏப்பிரலிற் காலனி என்னுஞ் சொல் அரசு ஆவணங்களினின்று நீக்கப்படும் என்றும், சூலையில் மாணவர் விடுதிகள் சமூகநீதி விடுதி எனப் பெயர்பெறும் என்றும் முதலமைச்சர் அறிவித்தார். பலகையைக் கண்டே பிள்ளையின் சாதியை அறிந்துகொள்ளும் கொடுமை ஒழிவது நன்றே. எம் மாணவர் சிலர் விடுதியின் பெயரைச் சொல்ல நாணி அடுத்த தெருவின் பெயரைச் சொல்லக் கேட்டுள்ளோம். ஆயினும் யாம் வேண்டுவது ஒன்று உண்டு. பலகையில் மாற்றுக, பழைய ஏட்டில் அழியற்க. காலனி மனைப்பட்டாவும், ஹரிசன என்ற அடைமொழியோடு நிற்கும் ஒப்படைப்பும், பஞ்சமர் என்று எழுதிய நிலப்பதிவும் அச்சொற்களாலேயே நம்முடையவை என்று அறியப்படுகின்றன. புதுப்பெயரை எழுதுமிடத்துப் பழம்பெயரையும் அருகே குறித்து வைத்தாலன்றி, ஐம்பதாண்டு கழித்து ஒருவன் எதைக் காட்டி இது எம் பாட்டன் நிலம் என்பான்? பெயரை நீக்குதலால் இழிவு நீங்கும் என்பதும் ஐயமே. 2023 சனவரி 30 அன்று நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் நம் மக்கள் மாரியம்மன் கோயிலுட் காவலரின் துணையோடு முதன்முதல் நுழைந்தபோது, அதுவரை அவர்களைத் தடுத்தது பலகையிலிருந்த எந்தச் சொல்லும் அன்று.

சங்கத்தின் பெயர்பற்றி எம் கருத்தைக் கேட்பாருக்கு: ஆதிதிராவிடர் என்பது நாமே கேட்டுப் பெற்ற பெயராதலின் அதனை வைத்துக்கொள்ளலாம் என்போம். பறையர் என்று எழுத விரும்பும் இளைஞர் சீனிவாசனாரின் வழியினர். அவர்களைக் கடிதற்கு யாம் ஒருப்படோம். எப்பெயரும் வேண்டா என்றவர் அயோத்திதாசரைப் படித்தவராக இருப்பின் அவரோடும் எமக்கு வழக்கில்லை. படியாமல், பெயரை மறைத்தால் போதும் என்று நினைத்துச் சொன்னாராயின், அவர் ஒருமுறை தமிழன் இதழின் தொகுதிகளைப் புரட்டுவாராக.

வருகின்ற பொதுக்கூட்டத்திற்கு வரும் அன்பர்கள் தத்தம் வீட்டிலுள்ள பழம்பத்திரம், பட்டா, ஒப்படைப்பு ஆணை, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றின் படிகளை உடன்கொண்டு வருதல் வேண்டும். பஞ்சமர், டி.சி., ஹரிசனர், காலனி என்பவற்றுள் எச்சொல் காணப்படினும், ஊர்ப்பெயரும் புலவெண்ணும் சேர்த்து அதனைக் குறித்துக்கொள்ளச் சங்க அலுவலகத்தில் ஒரு பேரேடு திறந்து வைத்துள்ளோம். முதற்பக்கத்தில் அம்மாணவன் கொணர்ந்த பத்திரம் எழுதப்பட்டுவிட்டது. பெயர்ப்பலகை வழக்கை அப்பேரேடு ஓரளவு நிரம்பியபின் எடுத்துக்கொள்ளலாம்.